கியர்பாக்ஸ் என்று ஒரு காலிக் கட்டம்

பல்லரட்
13 பிப்ரவரி 1994

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி க்ளைவ் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அத்தானுக்கு இருமல் நின்றதா? இங்கே நாற்பது டிகிரி வெயில், வேலியோரப் புல்லெல்லாம் கருகிக் கிடக்கிறது.

பெரிய செய்தி ஒன்று. நம் பச்சை வண்டியை விற்றுவிட்டேன். கீலாங்கிலிருந்து ஒரு பல் டாக்டர் வந்து ஓட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டு போனார். திட்டாதே. இருபத்திரண்டு வருஷமாக நாம் இரண்டு பேரும் பந்தயத்துக்காக அதை வாரிங்கல் மலையில் ஏற்றி இறக்கியாயிற்று. பட்டறையையும் கொடுத்துவிட்ட பிறகு அதைப் பிரித்துப் போட்டு வேலை பார்க்க எனக்கு இடமும் இல்லை. புதிதாக ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறேன். ஜப்பான் வண்டி, இரண்டே இருக்கை, துணிக்கூரை, சிவப்பு நிறம். கப்பலில் வந்து சேர அக்டோபர் ஆகும். நவம்பர் பந்தயத்துக்குள் கையில் இருக்கும். வழக்கம்போல ஒரே வண்டியை மாறி மாறி ஓட்டலாம், நீ பதினான்காம் எண், நான் நூற்றுப் பதினான்கு.

கியர்பாக்ஸ் மட்டும் முடிவாகவில்லை. ஆட்டோமேட்டிக் எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். இப்போது வருகிற ஆட்டோமேட்டிக் முன்பு மாதிரி இல்லையாம். மெல்போர்ன் நெரிசலில் கால் நோகாது. கிளட்ச் தேயாது. விற்கப் போனால் வாங்க ஆள் கிடைக்கும். உன் மூட்டுக்கும் நல்லது. நீ என்ன சொல்கிறாய்?

போன் செய்யாதே, எழுது. இங்கே லைன் ஒரே கரகரப்பு. கடிதமென்றால் இரண்டு தரம் படிக்கலாம்.

அத்தானுக்கு என் அன்பு.
க்ளைவ்


பர்னி, டாஸ்மேனியா
2 மார்ச் 1994

அன்புத் தம்பிக்கு,

அக்கா நெரிடா. இங்கே எல்லோரும் சுகம். உன் அத்தான் இருமுகிறார், ஆனால் சாப்பாட்டு நேரத்தில் இருமுவதில்லை. உன் உடம்பைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிட்டாய்.

பச்சை வண்டிக்காக ஒரு நாள் அழுதேன். அது போகட்டும். ஆனால் ஆட்டோமேட்டிக் என்று எழுதியிருக்கிறாயே, கடிதம் உன்னுடையதுதானா என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். அடிவாரத்திலிருந்து உச்சிக்கு ஐம்பத்தெட்டு வினாடி. அதற்குள் நான்கு தரம் கியர் மாற்றுகிறோம். அந்த நான்கையும் வண்டியே செய்துகொள்ளும் என்றால், அவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்து நான் என்ன செய்வது? ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இயற்கைக் காட்சி பார்ப்பதா?

உன் அத்தானிடம் சொன்னேன். "விடு நெரி, அவனுக்கும் வயசாகுதில்ல. நான் பத்து வருஷமா ஆட்டோமேட்டிக்தான் ஓட்டறேன், என்ன குறைஞ்சு போச்சு?" என்றார். பத்து வருஷமாக அவர் ஓட்டுவது கடைக்கும் தேவாலயத்துக்கும்.

நெரிசல், கிளட்ச், மறுவிற்பனை, என் மூட்டு. நான்கு காரணம் சொல்லியிருக்கிறாய். உண்மையான காரணம் இருந்தால் உனக்கு ஒன்றே போதும், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

இன்னொன்று. போன நவம்பரில் உன் மூன்றாவது ஓட்டத்தில் உச்சி நேர்பாதை முழுக்க இரண்டாவது கியரிலேயே வந்தாய். எஞ்சின் கதறியது. பந்தயக் கிளப் செயலாளர் டல்சி என் பக்கத்தில் நின்று காதைப் பொத்திக்கொண்டாள். வண்டியை நிறுத்தியதும் ஓடி வந்து "என்னடா ஆச்சு?" என்று கேட்டேன். "காபி வேண்டாம், இப்பத்தான் குடிச்சேன்" என்றாய். என்மேல் ஏதோ கோபம் என்று நினைத்து நானும் விட்டுவிட்டேன். கோபமா?

பதில் போடு. நல்ல சாப்பாடாகச் சாப்பிடு.
அன்புடன்,
அக்கா


பல்லரட்
4 ஏப்ரல் 1994

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் இருவர் நலமும் அறிந்தேன். எனக்குப் பல்லில் சின்ன வலி, இப்போது பரவாயில்லை.

உன்மேல் எனக்கு என்ன கோபம்? அன்று கியர் சிக்கிக்கொண்டது. அவ்வளவுதான். பழைய பெட்டி, இருபத்திரண்டு வருஷத் தேய்மானம். அதற்காகத்தான் விற்றேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஷோரூம்காரர் ஸ்டான்டன் ஆர்டர் படிவத்தில் கியர்பாக்ஸ் என்ற கட்டத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறார். ஆகஸ்ட் முப்பத்தொன்றுவரை நிரப்பலாம், அதற்குப் பிறகு ஜப்பானில் வண்டி வேலை ஆரம்பமாகிவிடும், மாற்ற முடியாதாம். நல்ல மனிதர். என்ன, வாய்க்குள்ளேயே பேசுகிறார்.

மழை ஆரம்பித்துவிட்டது. தொட்டி நிரம்பினால் நிம்மதி. டல்சி விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
க்ளைவ்


பர்னி
12 மே 1994

தம்பிக்கு,

நலம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன்.

கியர் சிக்கியது என்று எழுதியிருந்தாய். உனக்குப் பின்னால் அதே வண்டியை நான் ஓட்டினேன், பத்து நிமிஷங்கூட ஆகியிருக்காது. வெண்ணெய் மாதிரி விழுந்தது. என்னிடமே பொய் சொல்லுகிற அளவுக்கு என்ன வந்தது?

நேராகவே எழுதிவிடுகிறேன். ஆட்டோமேட்டிக் எடுத்தால் நவம்பரில் நான் வரவில்லை. நூற்றுப் பதினான்கு மட்டும் ஏறட்டும். பதினான்குக்கு வேறு யாரையாவது பார்த்துக்கொள்.

இதை எழுதுவது எனக்கும் சுலபமாக இல்லை.
நெரிடா


பல்லரட்
14 ஜூலை 1994

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு மாதமாக எழுதாததற்கு மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றுமில்லை. காலையில் வெளியே வைத்த தண்ணீர் உறைந்துபோகிற குளிர், அவ்வளவுதான். பிறந்தநாளுக்கு நீ பின்னி அனுப்பிய கம்பளிக் குல்லாய் கிடைத்தது. போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஸ்டான்டனிடம் போய்க் கட்டத்தில் ஆட்டோமேட்டிக் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நீ வரவில்லை என்றால் அது உன் இஷ்டம். உன்னை வற்புறுத்த எனக்கு வாய் வரவில்லை. ஒருவேளை நானும் இந்த வருஷத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஐம்பத்தாறு முடிந்துவிட்டது. ஓட்டியது போதும்.

பிறந்தநாளன்று வேடிக்கை. ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆட்டுக்கறியை அடுப்பிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். சுவர் விளக்கு மின்னியது. போன் மணியோடு அந்த விளக்கைச் சேர்த்து வைத்திருக்கிறேன், தோட்டத்தில் இருந்தாலும் தெரியும் என்பதற்காக. எடுத்தால் அந்தப் பக்கம் ஒரு வார்த்தை இல்லை. பள்ளிக்கூடப் பசங்கள் யாரோ விளையாடுகிறார்கள். நான் நாகரிகமில்லாமல் திட்டி வைத்துவிட்டேன். பிறகு கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

அத்தானுக்கு அன்பு.
க்ளைவ்


பர்னி
22 ஜூலை 1994

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. நாங்கள் நலம். குல்லாய் அளவாக இருக்கிறதா? காதுவரை இறங்குகிறதா?

நவம்பருக்கு வரமாட்டேன் என்று எழுதியதை மறந்துவிடு. வருகிறேன். கியர்பாக்ஸ் பற்றி எதுவும் இப்போது எழுதவில்லை. எனக்குக் கொஞ்சம் நாள் வேண்டும். ஒரு காரியம் செய்து பார்க்க வேண்டியிருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. அடுப்பை அணைத்தாயா என்று இரண்டு தரம் பார்.

எப்போதும் உன்
அக்கா


பர்னி
16 ஆகஸ்ட் 1994

என் அன்புத் தம்பிக்கு,

நலமாக இருக்கிறாய் என்று நம்பி ஆரம்பிக்கிறேன். இதை நான்கு தரம் எழுதிக் கிழித்தாயிற்று. இது ஐந்தாவது.

அன்றைக்குப் போன் செய்தது பசங்கள் இல்லை. நான்தான்.

சண்டையை முடித்துக்கொள்ளலாம் என்று கூப்பிட்டேன். பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னேன். மே மாதம் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டேன். லைனில் கரகரப்பே இல்லை, உன் அடுப்பில் கறி சடசடப்பதுகூட எனக்குக் கேட்டது. நீ "யாரது? பேசித் தொலை" என்றாய். "நெரிடாடா" என்று கத்தினேன். "உங்கப்பன் ஆத்தா உன்னை இதுக்குத்தான் பெத்தாங்களா, பொறுக்கி?" என்று வைத்துவிட்டாய். போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உன் அத்தான் "என்ன சொன்னான்?" என்றார். நம் அப்பா அம்மாவை விசாரித்தான் என்றேன்.

என்மேல் கோபத்தில் தெரிந்தே திட்டினாய் என்றுதான் ஒரு வாரத்துக்கு மேல் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு உன் கடிதம் வந்தது. அந்தப் பக்கம் ஒரு வார்த்தை இல்லை என்று நீ எழுதியிருந்த வரியை விட்டு என்னால் மேலே போக முடியவில்லை. காபி, லைன் கரகரப்பு, வாய்க்குள் பேசுகிற ஸ்டான்டன், சுவர் விளக்கு, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. உனக்குக் காது கேட்கவில்லை, க்ளைவ். எவ்வளவு நாளாக என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை நாளாக நான் அதைக் கவனிக்கவில்லை என்பதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நம் இரண்டு பேருக்கும் எப்போது கியர் மாற்றுவது என்று சொல்வது எஞ்சினின் சத்தம். வளைவில் ஆர்.பி.எம். முள்ளைப் பார்க்கக் கண்ணை எடுத்தால் வேலியில்தான் போய் நிற்போம். அந்தச் சத்தம் உனக்குப் போய்விட்டது. அதனால்தான் இரண்டாவது கியரில் கதற விட்டாய். அதனால்தான் ஆட்டோமேட்டிக். யாருக்கும் தெரியாமல் வண்டியே பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தாய். சரிதானே?

நான் செய்து பார்த்தது இதுதான். மரம் அறுக்கும்போது உன் அத்தான் காதில் மாட்டுகிற மூடி இருக்கிறது இல்லையா, உள்ளே பஞ்சை அடைத்து அதைப் போட்டுக்கொண்டேன். பக்கத்து உருளைக்கிழங்குத் தோட்டத்துக்கு ஏறுகிற மண் பாதையைக் கேட்டு வாங்கினேன், அதில் மூன்று கொண்டை ஊசி வளைவு. முதலில் அத்தானின் ஆட்டோமேட்டிக். அவரும் பக்கத்தில் ஏறிக்கொண்டார். இரண்டாவது வளைவின் நடுவில் அது தன்பாட்டுக்குக் கியரைக் குறைத்தது. எனக்கு முன்னறிவிப்பே இல்லை. பின் சக்கரம் வழுக்கி, வண்டி கிழங்குப் பாத்திக்குள் ஒரு கால் வைத்துவிட்டது. அத்தான் வாயைத் திறந்து திறந்து மூடினார். கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் அவ்வளவு அமைதியாக அவர் என்னைத் திட்டியதில்லை.

பிறகு கையால் கியர் மாற்றுகிற என் பிக்கப் வண்டி. அவர் ஏற மறுத்துவிட்டார். முதல் நாள் இரண்டு தரம் அணைந்தது, ஒரு தரம் உன்னைப் போலவே கதற விட்டேன் என்று அத்தான் கையால் சைகை காட்டினார். மூன்றாம் நாள் கியர்த் தடியின் மேலேயே கையை விட்டு வைத்தேன். சத்தம் அங்கே இருக்கிறது, தம்பி. மாற்றுகிற நேரம் நெருங்கும்போது உள்ளங்கையில் பொடியாக நடுங்குகிறது, பிறகு பாதத்துக்கு வருகிறது, இருக்கையில் முதுகுக்கு வருகிறது. பத்தாம் நாள் ஆறு ஓட்டத்தில் ஐந்து சரி. அறுபது வயசுக் கிழவிக்குப் பத்து நாளில் வருகிறது. முப்பது வருஷம் எஞ்சினைக் கையால் தொட்டே நோய் சொன்னவனுக்கு எவ்வளவு நாள் ஆகும்?

ஆட்டோமேட்டிக்கில் உன்னிடம் எதையும் யாரும் கேட்கமாட்டார்கள், உண்மைதான். ஆனால் வண்டியும் உன்னிடம் எதையும் சொல்லாது. பந்தயத்தில் புறப்பாட்டுக்கு விளக்கு, ஆபத்துக்குக் கொடி. காது கேட்க வேண்டிய இடம் ஒன்றுகூட எனக்குத் தோன்றவில்லை. கிளப்பிடம் சொல்லு. மறைத்துக்கொண்டு ஓட்டாதே, அது மட்டும் ஆபத்து.

நீ என்ன முடிவு எடுத்தாலும் நான் கப்பல் ஏறி வருகிறேன். ஆனால் முப்பத்தொன்றாம் தேதிக்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது.

உன்மேல் ரொம்பப் பிரியமாக இருக்கிற
நெரிடா


பல்லரட்
22 ஆகஸ்ட் 1994

அக்கா,

கடிதம் கிடைத்தது. மற்றதற்குப் பதில் பிறகு எழுதுகிறேன்.

உன்னை அப்படித் திட்டியதை நினைத்தால் எழுந்து அறைக்குள் நடக்கிறேன், திரும்ப உட்காருகிறேன்.

க்ளைவ்


பல்லரட்
2 செப்டம்பர் 1994

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? அத்தானின் கிழங்குப் பாத்திக் கோபம் தணிந்ததா?

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். நான்கு வருஷமாகக் குறைந்துகொண்டே வந்தது. டாக்டர் இரண்டு வருஷத்துக்கு முன்பே சொல்லிவிட்டார். நரம்பு போய்விட்டது, நான் பழுது பார்த்த ஆட்டு மயிர் வெட்டும் இயந்திரமும் டிராக்டரும் தகரக் கூரைப் பட்டறையும் செய்த வேலை, திரும்பி வராது. காதுக் கருவி கொடுத்தார். ஹெல்மெட்டுக்குள் அது விசிலடிக்கிறது, பந்தய நாளில் எடுத்துவிடுவேன். முகத்துக்கு நேரே மெதுவாகப் பேசினால் புரிகிறது. போனில் சுத்தமாகக் கேட்பதில்லை. உனக்குச் சொல்லாததற்கு ஒரே காரணம்தான். தெரிந்தால் நீ வண்டியை என்னோடு பகிர்ந்துகொள்ள மாட்டாய் என்று பயந்தேன். வருஷத்தில் நாம் பார்த்துக்கொள்வதே அந்த மூன்று நாள்தான். வேறு எதற்காக நீ கடல் தாண்டி வருவாய்?

முப்பதாம் தேதி ஸ்டான்டனிடம் போனேன். மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு, "எனக்குக் காது கேக்காதுங்க. என்னைப் பார்த்துப் பேசுங்க" என்றேன். டாக்டரைத் தவிர ஒரு மனிதனிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தரம். அவர் எழுந்து மேசையைச் சுற்றி வந்து, என் முன்னால் நின்று, "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே. நான் பேசறது உங்களுக்குப் பிடிக்கலைன்னு இல்ல நினைச்சேன்" என்றார். படிவத்தை எடுத்து ஆட்டோமேட்டிக் என்று இருந்ததைக் கோடிட்டு அடித்தேன். பக்கத்தில் மேனுவல் என்று எழுதினேன்.

மறுநாள் கிளப் கூட்டம். எழுந்து நின்று சொன்னேன். நீக்கிவிடுவார்கள் என்று முழுக்க எதிர்பார்த்துத்தான் போனேன். புறப்பாட்டுக் கோட்டில் நிற்பானே மெர்வ், அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த ரொட்டியை வைத்துவிட்டு என் எதிரே வந்தான். "தெரியும்டா. பின்ன எதுக்கு ரெண்டு வருஷமா உன் வண்டிக் கூரையைத் தட்டிக்கிட்டு நிக்கறேன்? மத்தவங்களுக்கெல்லாம் வாயாலதான சொல்றேன்" என்றான். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் தயாரா என்று அவன் கேட்பது அது. நான் அதை ஏதோ நட்பு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். டல்சிக்கும் தெரியுமாம். உன்னிடம் நானாகச் சொல்லட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தாளாம். பொறுப்பாளர் எல்லா வளைவிலும் கொடிக்காரர்களுக்குச் சொல்லி வைப்பதாகவும், முதலில் ஒரு சோதனை ஓட்டம் தனியாக ஓட்டிக் காட்ட வேண்டும் என்றும் சொன்னார். நியாயம்தான். வீட்டுக்கு வந்து அழுதேன். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

அன்புடன்,
க்ளைவ்


பர்னி
27 நவம்பர் 1994

அன்புத் தம்பிக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். கடலில் நல்ல ஆட்டம், ஆனால் தூங்கிவிட்டேன். அத்தான் உன்னை விசாரித்தார். நான் ஐம்பத்தெட்டு வினாடி, நீ ஐம்பத்தொன்பதரை என்றதும் அவருக்கு என்ன சந்தோஷமோ தெரியவில்லை, இரண்டு தரம் கேட்டுக்கொண்டார்.

நாம் பிரிகிற அவசரத்தில் ஒன்று சொல்லாமல் போய்விட்டது. நீ மேலே வந்து வண்டியை நிறுத்தி, எப்படி இருந்தது என்று கேட்டாய். சுற்றிலும் கூட்டம், உன் தலையில் ஹெல்மெட். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். அது போதாது என்று கப்பலில் ஏறினதிலிருந்து உறுத்துகிறது.

உன் முதல் ஓட்டத்தில் சீக்கிரம் மாற்றினாய், எஞ்சின் முனகியது. இரண்டாவதில் தாமதம். அதெல்லாம் உனக்கே தெரிந்திருக்கும், கை சொல்லியிருக்கும். மூன்றாவது ஓட்டத்துக்கு நானும் டல்சியும் உச்சியில் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வண்டி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே சத்தம் வந்துவிட்டது. கடைசி வளைவை விட்டு வெளியே வந்தாய். இரண்டாவது கியரில் சத்தம் ஏறிக்கொண்டே போயிற்று, ஒழுங்காக, நடுவில் எங்கும் தடுக்காமல். இப்போது மாற்ற வேண்டும் என்று நான் மனசுக்குள் நினைத்த அதே நொடியில் அது நின்றது. ஒரு மூச்சு இழுக்கிற நேரம்கூட இல்லை. மூன்றாவது கியரில் தாழ்ந்த குரலில் மறுபடி ஆரம்பித்து, அங்கிருந்து நிதானமாக மேலே ஏறிற்று. உரசல் இல்லை, உதறல் இல்லை. டல்சி என் பக்கம் திரும்பி, "இது நூத்திப் பதினாலுதானே?" என்றாள். அவனேதான் என்றேன்.

நீ ஓட்டியது, ஆனால் நீ கேட்காதது. அது இப்படித்தான் இருந்தது, க்ளைவ்.

அன்புடன்,
அக்கா